ஆறு மாதம் தாங்கும் என்று சொன்ன கப்பல்

கடல் அட்டை வியாபாரத்தைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கப்பலில் போய் முட்டிக்கொண்டேன். மன்னார் வளைகுடாவில் பிடித்து, அவித்து, காயவைத்து, சீனாவுக்குப் போன அதே கடல் அட்டைதான். (2001-லிருந்து நம் நாட்டில் அதைப் பிடிக்கத் தடை.) அதே சரக்கைத் தேடி இந்தோனேசியாவின் மக்காசரிலிருந்து வருஷா வருஷம் படகுக் கூட்டம் ஆஸ்திரேலியாவின் வட கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1803 பிப்ரவரியில் அப்படி ஆறு படகுகளை ஒரு ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல் தீவுகளுக்கு நடுவே கண்டது. முதலில் கடற்கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துப் பயந்து பீரங்கியைத் தயார் செய்தார்கள். கப்பலின் சமையல்காரர் மலாய்க்காரர். அவர் மூலம் பேச்சு நடந்தது. படகுத் தலைவர் பெயர் போபாசோ. மொத்தம் 60 படகு, ஆயிரம் பேர் இந்தக் கரையில் பல இடங்களில் வேலை செய்கிறோம் என்றார்.

அந்த ஆங்கிலேயக் கப்பலின் பெயர் இன்வெஸ்டிகேட்டர். கேப்டன் மாத்யூ ஃபிளிண்டர்ஸ், அப்போது வயது 28. போபாசோவுக்குத் தெரியாத ஒரு விஷயம் அவருக்குத் தெரியும்: தான் நின்றுகொண்டிருக்கும் கப்பல் உள்ளுக்குள் அழுகிப்போய்விட்டது. பெரிய காற்று ஒன்று அடித்தால் எல்லாரும் காலி. மூன்று மாதமாக அதைத் தெரிந்துகொண்டேதான் அவர் கரையை அளந்துகொண்டிருந்தார்.

கடல் அட்டையை அங்கேயே விட்டுவிட்டேன். கப்பல் கதைக்குப் போவோம்.

கப்பலின் பழைய பெயர் ஜெனோஃபன். 1795-ல் இங்கிலாந்தின் வடகிழக்கே சண்டர்லாந்து பக்கம் கட்டினார்கள். நிலக்கரி ஏற்றும் ரகத்துக் கப்பல், 334 டன். அடிப்பக்கம் அகலம், வயிறு பெரிசு, வேகம் கிடையாது. கேப்டன் குக் உலகம் சுற்றியதும் இதே ஜாதிக் கப்பலில்தான். கரையோரம் அளக்கிற வேலைக்கு இது தோதானது: தரை தட்டினாலும் சட்டென்று சாயாது, நிறைய சாப்பாடும் தண்ணீரும் ஏற்றலாம். 1798-ல் கடற்படை இதை வாங்கி, பக்கவாட்டில் பீரங்கிக்கு ஓட்டை போட்டு, வணிகக் கப்பல்களுக்குக் காவலாக ஓட்டியது. 1801-ல் ஆய்வுப் பயணத்துக்கு ஒதுக்கி, இன்வெஸ்டிகேட்டர் என்று பேர் மாற்றினார்கள்.

ஒதுக்கும்போதே ஃபிளிண்டர்ஸுக்குத் தெரியும், இது நல்ல கப்பல் இல்லை என்று. பிரான்ஸோடு சண்டை நடக்கிற காலம். இதைவிட நல்லதை விட்டுக்கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியதுமே மணிக்கு மூன்று அங்குலம் தண்ணீர் உள்ளே ஏறியது. அது போதாதென்று, கிளம்புவதற்கு முன்னாலேயே உள்ளூர்க் கடலில் டஞ்சனெஸ் முனைப் பக்கம் ஒரு மணல் திட்டில் ஏறி நின்றது. அந்தத் திட்டு, கடற்படை கொடுத்த வரைபடத்தில் இல்லை! உலகத்தின் மறுகோடியில் இருக்கிற கரையை வரையப் போகிற கப்பல், வீட்டு வாசலில் வரைபடம் சரியில்லாமல் மாட்டிக்கொண்டது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த ஏப்ரலில்தான் ஃபிளிண்டர்ஸுக்கும் ஆனுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் மனைவியைக் கூடவே கூட்டிப்போகத் திட்டம். மேலிடத்துக்குத் தெரிந்துபோனது. மனைவி வேண்டுமா, பதவி வேண்டுமா என்கிற நிலைமை. ஆனைக் கரையில் விட்டுவிட்டு, 1801 ஜூலை 18-ல் கிளம்பினார். திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்க்க ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று இருவருக்குமே தெரியாது.

எதற்காக இந்தப் பயணம்? அன்றைக்கு ஆஸ்திரேலியா என்று ஒரு சொல் புழக்கத்தில் இல்லை. மேற்கே டச்சுக்காரர்கள் வரைந்த நியூ ஹாலந்து, கிழக்கே குக் வரைந்த நியூ சவுத் வேல்ஸ். இரண்டும் ஒரே நிலமா, நடுவில் தெற்கிலிருந்து வடக்கு வரை கடல் ஓடுகிறதா? தெரியாது. தென் கரையில் பெரிய பகுதி வெற்றுத் தாள். பிரெஞ்சுக்காரர்கள் பொதேன் தலைமையில் ஏற்கெனவே இரண்டு கப்பல் அனுப்பிவிட்டார்கள். அறிவியல் என்ற பெயரில் இரண்டு நாடும் ஓடிய ஓட்டப்பந்தயம் இது. கப்பலில் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் இருந்தார். பிற்காலத்தில் ‘பிரௌனியன் இயக்கம்’ என்று நாம் பள்ளியில் படிப்பது இவர் பேரில்தான். ஃபெர்டினாண்ட் பாவர் என்ற தாவர ஓவியர், வில்லியம் வெஸ்டால் என்ற நிலக்காட்சி ஓவியர், தோட்டக்காரர் பீட்டர் குட் எல்லாரும் இருந்தார்கள். பின்னாளில் ஆர்க்டிக் பனியில் காணாமல் போன ஜான் ஃபிராங்க்ளின் இதில் பயிற்சி மாலுமிப் பையன். ட்ரிம் என்று ஒரு கறுப்புப் பூனையும் உண்டு.

கரையை எப்படி அளந்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். எனக்கு இதில்தான் ருசி.

கப்பலைக் கரைக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஓட்டுவார் ஃபிளிண்டர்ஸ். அலை உடைவது தளத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. தூரத்தில் ஓட்டினால் ஆற்று வாயும் சின்னக் குடாவும் கண்ணில் படாமல் போய்விடும். கரையில் தெரிகிற ஒவ்வொரு முனை, குன்று, பாறைக்கும் திசைகாட்டியில் திசை பார்த்து எழுதுவார்கள். கொஞ்ச தூரம் ஓடி, அதே குன்றுக்கு மறுபடியும் திசை பார்ப்பார்கள். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் குன்று இருக்கிறது. செக்ஸ்டன்ட் வைத்துக் கோணம் எடுப்பார்கள். சூரியன் உச்சிக்கு வரும்போது அட்சரேகை. தீர்க்கரேகைக்கு இங்கிலாந்து நேரத்தைச் சுமந்து வரும் கடல் கடிகாரங்கள். கடிகாரம் நான்கு விநாடி தவறினால் பூமத்தியரேகையில் ஒரு கடல் மைல் தப்பு.

ஆழம் பார்க்க ஈயக் குண்டு கட்டிய கயிறு. இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு அளவு. நம் மீனவர்கள் ‘பாகம்’ என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான், ஆறு அடி. குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். மேலே வரும்போது அதில் மணல் ஒட்டியிருக்கிறதா, சேறா, சிப்பித் தூளா என்று பார்த்து அதையும் எழுதுவார்கள். நங்கூரம் பிடிக்குமா பிடிக்காதா என்பது அதில் தெரிந்துவிடும்.

இருட்டினால் கப்பலை வெளிக்கடலுக்குத் திருப்பிவிடுவார்கள். மறுநாள் விடிந்ததும் நேற்றைக்கு விட்ட அதே முனைக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து ஆரம்பிப்பார்கள். ஒரு துண்டுகூட விடுபடக்கூடாது. அன்றைய வரைபடத்தை அன்றே ராத்திரி கேபினில் உட்கார்ந்து வரைந்துவிடுவார் ஃபிளிண்டர்ஸ். வரிசையாக எழுதினால் நான்கு வரி. ஆனால் இதை வாரக்கணக்கில், ஒழுகுகிற கப்பலில், தெரியாத கடலில் செய்வது என்பது வேறு விஷயம்.

இப்படி அளக்கும்போதுதான் அவர் ஒரு முரண்பாட்டைக் கவனித்தார். கப்பல் கிழக்கு நோக்கி நிற்கும்போது பார்த்த திசையும் மேற்கு நோக்கி நிற்கும்போது பார்த்த திசையும் ஒத்துவரவில்லை. வடக்கு, தெற்காக நின்றால் வித்தியாசம் குறைவு. கப்பலில் இருக்கிற இரும்பு முள்ளை இழுக்கிறது என்று கண்டுபிடித்து, திருத்தம் செய்ய ஒரு விதியும் வகுத்தார். இன்றைக்கும் கப்பல் திசைகாட்டிப் பீடத்தின் பக்கத்தில் நட்டுவைக்கும் இரும்புத் தண்டுக்கு ‘ஃபிளிண்டர்ஸ் பார்’ என்றுதான் பேர்.

1801 டிசம்பரில் தென்மேற்கு முனையைப் பிடித்து, தென் கரையோரமாகக் கிழக்கே போனார்கள். பிப்ரவரி 21-ஆம் தேதி சாயங்காலம், தண்ணீர் தேடிக் கரைக்குப் போன படகு திரும்பவில்லை. மறுநாள் உடைந்த படகு கிடைத்தது. மாஸ்டர் ஜான் திசில், பயிற்சி மாலுமி வில்லியம் டெய்லர், இன்னும் ஆறு பேர், மொத்தம் எட்டுப் பேர். ஒருவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த முனைக்கு ‘பேரழிவு முனை’ என்று பேர் வைத்தார் ஃபிளிண்டர்ஸ். கிளம்புவதற்கு முன் திசில் ஒரு குறிசொல்கிறவரிடம் போயிருந்தாராம். இன்னொரு கப்பல் வந்து சேர்வதற்குள் நீ போய்விடுவாய் என்று அவர் சொன்னாராம். இதை ஃபிளிண்டர்ஸே எழுதி வைத்திருக்கிறார். நம்புகிறாரா இல்லையா என்று பிடிகொடுக்காமல் எழுதியிருக்கிறார்.

அதற்கப்புறம் வடக்கே நீண்டு போகிற ஒரு பெரிய வாய் திறந்தது. கண்டத்தை இரண்டாகப் பிளக்கும் கடல் இதுதானோ என்று கப்பலே ஆவலாக இருந்தது. மேலே போகப் போகக் குறுகி, கடைசியில் அலையாத்திக் காட்டுச் சேற்றில் முடிந்தது. ஸ்பென்சர் வளைகுடா. ஏப்ரல் 8-ஆம் தேதி எதிரே ஒரு பாய் தெரிந்தது: பொதேனின் ‘லெ ஜியோகிராஃப்’. இரண்டு நாடும் சண்டையில் இருப்பதாக இருவரும் நினைத்த நேரம். பீரங்கியைத் தயார் செய்து வைத்துவிட்டு, படகில் போய்ப் பேசினார் ஃபிளிண்டர்ஸ். மரியாதையாகப் பேசிவிட்டுப் பிரிந்தார்கள். அந்த இடம் இன்றும் ‘என்கவுன்டர் பே’.

மே மாதம் சிட்னித் துறைமுகம். கொஞ்சம் பழுது பார்த்து, ஜூலையில் மறுபடி கிளம்பி, கிழக்குக் கரை வழியாக வடக்கே போனார்கள். இந்தமுறை புங்கரி என்ற பூர்வகுடிக்காரரும் கூட வந்தார். கண்டத்தை முழுக்கச் சுற்றி வந்த முதல் பூர்வகுடி மனிதர் அவர். போகிற இடங்களில் கரை மக்களோடு முதலில் ஆயுதமில்லாமல் போய் நின்று சமாதானம் பேசியவர். எங்கும் அது பலித்தது என்று சொல்ல முடியாது. 1803 ஜனவரியில் வட கரையில் ஒரு மோதலில் பூர்வகுடிக்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த உடலை வெஸ்டால் படமாக வரைந்து வைத்திருக்கிறார். அன்றைக்கு வெயில் தாக்கி இறந்த மோர்கன் என்ற கப்பல்காரரின் பேரைத் தீவுக்கு வைத்தார்கள். குண்டடிபட்டவர் பேர் யாருக்கும் தெரியாது.

இப்போது அந்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். 1802 நவம்பர், கார்ப்பென்டேரியா வளைகுடா. மணிக்கு 10 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் ஏறுகிறது. ஒரு தீவோரம் நிறுத்தி, கலப்பத்து அடிக்கலாம் என்று பலகையைத் திறந்தால் உள்ளே மரம் பொடிப்பொடியாக வருகிறது. புது மாஸ்டர் ஜான் ஏக்கனையும் தச்சரையும் முழுக்கப் பார்த்து எழுதித் தரச் சொன்னார் ஃபிளிண்டர்ஸ். இடப்பக்கம் முன்னால் சோதித்த பத்துச் சட்டங்களில் நான்குதான் நல்லது. ஒன்று பாதி, ஐந்து முழுக்க அழுகல். பலத்த காற்றும் கடலும் வந்தால் கப்பல் தப்பிப்பது கஷ்டம். தரை தட்டினால் சிதறிவிடும். சாய்த்து வைத்துப் பழுது பார்க்கவும் தாங்காது. பன்னிரண்டு மாதத்தில் ஒரு நல்ல சட்டம்கூட மிஞ்சாது. நல்ல வானிலையாக இருந்து, எந்த விபத்தும் நடக்காவிட்டால் ஆறு மாதம் ஓட்டலாம்.

படித்ததும் எனக்குத் தோன்றியது: இதை ஏன் சிட்னியில் இரண்டு மாதம் நின்றபோது யாரும் பார்க்கவில்லை? ஃபிளிண்டர்ஸும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நொந்துபோயிருக்கிறார். பலகைக்கு மேல் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அழுகல் உள்சட்டத்தில்.

இனி என்ன செய்வது? மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் போனால் காற்று எதிர். வந்த வழியே டோரஸ் நீரிணையில் திரும்பினால், புயல் காலத்தில் பவளப்பாறைக் கடல். அதனால் இந்த மூன்று மாதத்தை வளைகுடாவை அளந்தே கழிப்போம், காற்று மாறினதும் பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார். கணக்கு சரியான கணக்குதான். ஆனால் 80 பேருக்கு மேல் இருந்த கப்பலில் அந்தக் கணக்கை அவர் ஒருவர்தான் போட்டார். வேலையை விட மனசு வரவில்லை என்பதும் அவர் எழுத்தில் தெளிவாகத் தெரிகிறது. கரையில் எதையும் மிச்சம் வைக்காமல் முடிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. நான் அவரை ரொம்பவும் ரசித்துப் படித்தவன்தான், ஆனாலும் இந்த இடத்தில் ஏக்கன் பக்கம்தான் சாய்கிறேன்.

மக்காசர் படகுகளைக் கண்ட சில வாரத்தில், மார்ச் தொடக்கத்தில், அளவையை நிறுத்தினார். திமோருக்குப் போய்ச் சாப்பாடு ஏற்றிக்கொண்டு, மேற்கும் தெற்கும் சுற்றி சிட்னிக்கு ஓட்டம். திமோரில் சீதபேதி ஏறிக்கொண்டது. வழியெல்லாம் சாவு. ஜூன் 9-ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். ரிப்போர்ட் கொடுத்த ஆறு மாதத்தைத் தாண்டி இரண்டு வாரம். தோட்டக்காரர் பீட்டர் குட் வந்த சில நாளில் இறந்தார். கண்டத்தைச் சுற்றியாகிவிட்டது, அது ஒரே நிலம் என்று உறுதியாகிவிட்டது. கப்பலைப் பார்த்த அதிகாரிகள், பழுது பார்க்கவே லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்கள்.

வேறு கப்பல் கேட்டு இங்கிலாந்து போகலாம் என்று ‘போர்பாய்ஸ்’ கப்பலில் பயணியாக ஏறினார் ஃபிளிண்டர்ஸ். ஆகஸ்ட் 17 ராத்திரி, அதுவும் கூட வந்த ‘கேட்டோ’வும் பவளப்பாறையில் மோதி உடைந்தன. மூன்றாவதாக வந்த ‘பிரிட்ஜ்வாட்டர்’ காப்பாற்றாமல் போய்விட்டது. பம்பாய் போனது, அங்கிருந்து இங்கிலாந்து திரும்பும் வழியில் ஒரு தடயமும் இல்லாமல் காணாமல் போனது. மணல் திட்டில் மாட்டியவர்களை விட்டுவிட்டு, திறந்த படகில் 700 மைலுக்கு மேல் ஓட்டி சிட்னி போய், ஆறு வாரத்தில் மூன்று கப்பலோடு திரும்பினார் ஃபிளிண்டர்ஸ். அங்கிருந்து 29 டன் ‘கம்பர்லேண்ட்’ என்ற குட்டிக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். அதுவும் ஒழுகியது. டிசம்பரில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த மொரீசியஸில் ஒதுங்கினார். சண்டை மறுபடி மூண்டது அவருக்குத் தெரியாது. கையில் இருந்த பிரெஞ்சு அனுமதிச் சீட்டோ இன்வெஸ்டிகேட்டர் பேரில். பெட்டியில் சிட்னி கவர்னரின் அரசாங்கக் கடிதங்கள். கவர்னர் டெகேன் முன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, அப்புறம் விருந்துக்குக் கூப்பிட்டதற்கும் வர மறுத்தார். விடுதலை 1810 ஜூனில்தான். ட்ரிம் பூனை அந்தத் தீவிலேயே தொலைந்துபோனது.

வீடு திரும்பி, நான்கு வருஷம் உட்கார்ந்து புத்தகமும் வரைபடமும் முடித்தார். அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வரைபடத்தை வெளியிட்டுவிட்டார்கள். புத்தகம் 1814 ஜூலை 18-ல் வந்தது, அவர் நினைவில்லாமல் கிடந்தார். மறுநாள் இறந்தார். வயது 40. அவர் வற்புறுத்திய ‘ஆஸ்திரேலியா’ என்ற பெயரைப் புத்தகத் தலைப்பில் வைக்கக்கூட விடவில்லை. குக்கின் மனைவிக்குக் கொடுத்ததுபோல் ஆனுக்கு ஓய்வூதியம் கொடுக்கவும் மறுத்தார்கள். 1850-களில் ஆஸ்திரேலியக் காலனிகள் தர முன்வந்தபோது ஆன் உயிரோடு இல்லை. மகளுக்குப் போன அந்தப் பணம் பேரனின் படிப்புக்கு உதவியது. அந்தப் பேரன் எகிப்தைத் தோண்டிய ஃபிளிண்டர்ஸ் பெட்ரி.

கப்பல் என்ன ஆச்சு? இதுதான் என்னை இந்தப் பதிவை எழுதவைத்த விஷயம். லாயக்கில்லை என்று சிட்னியில் ஒதுக்கிப் போட்ட கப்பலை, கவர்னர் கிங் மறுபடி ஆள் விட்டுப் பார்க்கச் சொன்னார். அழுகல் பெரும்பாலும் மேல் சட்டங்களில். மேல் தளத்தை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு, பாய்மரத்தைக் குறைத்துக் கட்டினார்கள். 1805 மே மாதம் வில்லியம் கென்ட் அதை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். பிரவுனும் பாவரும் தங்கள் ஆயிரக்கணக்கான செடி மாதிரிகளோடும் ஓவியங்களோடும் அதே அழுகிய கப்பலில்தான் ஏறினார்கள்! அக்டோபரில் லிவர்பூல் போய்ச் சேர்ந்தது. பிரவுன் அனுப்பிய உயிருள்ள செடிகள் ‘நல்ல கப்பல்’ போர்பாய்ஸோடு போயிருந்தன.

1810-ல், ஃபிளிண்டர்ஸ் விடுதலையான அதே வருஷம், கடற்படை இதை விற்றது. வாங்கியவர்கள் பழுது பார்த்து, ஜெனோஃபன் என்ற பழைய பேரையே வைத்து, சரக்குக்கு ஓட்டினார்கள். ஃபிளிண்டர்ஸ் போனபிறகு இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் ஓடியது. 1850-களில் மெல்போர்ன் பக்கம் வந்து சேர்ந்தது. பாய்மரமெல்லாம் கழற்றி, சரக்கு வைக்கிற மிதக்கும் கிடங்காக அந்த விரிகுடாவில் கட்டிப்போட்டார்கள். 1802 ஏப்ரலில் அதே விரிகுடாவுக்குள் நுழைந்து, குன்றில் ஏறிக் கோணம் எடுத்து ஃபிளிண்டர்ஸ் அளந்தபோது அங்கே நகரம் என்று ஒன்றும் கிடையாது. இப்போது ரயில் நிலையத்துக்கே அவர் பேர். கப்பலை 1872-ல் உடைத்தார்கள்.